இரண்டாம் இதழில் விட்ட இடம்

படிவத்தில் எங்களுக்குக் கட்டம் இல்லை.
"சனசமூக நிலையமோ, மாதர் சங்கமோ, விளையாட்டுக் கழகமோ?"
என்று கேட்டாள் பிரதேச செயலகத்தில் ஒரு பிள்ளை.
சீன இலக்கிய மெய்யியல் ஆய்வகம் என்றேன்.
பேனையை மூடி வைத்தாள்.
"சீனாக்காரன்ர காசோ?"
இல்லைப் பிள்ளை, எங்கட காசு.
சீட்டெடுத்த எழுபத்தோராயிரம்,
புவிராஜ் மோட்டார் சைக்கிள் வித்த மிச்சம்.
"அப்ப கடைசியாக் கிடக்கிற 'வேறு' என்றதில
புள்ளடி போடுங்கோ."

வேறு.
ஒட்டுசுட்டானில் அப்படித்தான் தொடங்கினோம்,
கூட்டுறவுச் சங்கத்தின் பழைய நெற்களஞ்சியத்தில்,
கூரையின் ஒரு பாதி தகரம்,
மறு பாதி வானம்.

புவிராஜ், றோட்டுப் போட வந்த கம்பனியில்
மூன்று வருசம் மொழிபெயர்த்தவன்.
தார், சல்லி, டீசல், சம்பளம், நாளைக்கு:
அவ்வளவுதான் அவனிடமிருந்த சீனம்.
முகாமைக் கழற்றிக்கொண்டு போன அன்று
சமையல்காரன் கையில் திணித்த அகராதி
மிளகாய் எண்ணெய்க் கறையோடு
எங்கள் முதலாம் இலக்க நூல்.

கொன்சலா மெய்யியலில் பட்டம் எடுத்து
வேலை கேட்டுக் கச்சேரி வாசலில் குந்தியிருந்தவள்.

இந்திரவதனி கண்ணி அகற்றியவள்.
எழுத்துகளை அவளைப்போல் எங்களில் ஒருவரும் கற்கவில்லை.
மேலிருந்து கீழ், இடமிருந்து வலம்,
ஒரு கோடு முடியாமல் அடுத்ததைத் தொடாதே என்றால்
பதினொரு வருசம் முழங்காலில் நின்றவளுக்கு
அது புதுப் பாடமில்லை.
வயல் என்ற எழுத்தைக் கண்டதும் சிரித்தாள்:
"வரம்பெல்லாம் சரி. வாய்க்கால் எங்க?"

வீடு என்ற எழுத்து, கூரைக்குக் கீழே ஒரு பன்றி.
கொன்சலா அதைப்பற்றிக் கட்டுரை எழுதிய கிழமை
காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு வந்து
களஞ்சியத்தில் படுத்தது,
இரண்டு பெட்டிப் புத்தகத்தைக் கிழித்து மெத்தை போட்டு.
பன்றியால் சேதம், நாலாயிரத்து இருநூறு
என்று கணக்கில் எழுதினேன்.
கணக்காய்வாளர் அதைச் சுற்றி வட்டம் போட்டார்.
விளக்கமாக அந்த எழுத்தையே வரைந்து அனுப்பினேன்.
பதில் வரவில்லை.

சண்டை வந்தது ஒரு சொல்லில்.
தலை ஒன்று நடந்துபோகிற எழுத்து.
பாதை என்றான் புவிராஜ்.
"பாதை எண்டா இங்க பூட்டுறதும் திறக்கிறதும்,"
என்றாள் கொன்சலா,
"அம்மாவின்ர மருந்து ஓமந்தைக்கு அங்கால நிண்டது
பாதை பூட்டினதாலதான்."
நெறி என்று பார்த்தோம், திருநீறு மணத்தது.
ஒழுங்கை யாரோ ஒருவரின் வேலியில் முடிந்தது.
தடம், யானை போன பிறகு கிடப்பது.
பின்னேரம் முழுக்கப் பேசாமலிருந்த இந்திரவதனி
விளக்கைக் கொளுத்தியபடி சொன்னாள்:
"ஒரு மீற்றர் அகலம், ரெண்டு பக்கமும் சிவப்பு நாடா.
நாங்கள் அதை லேன் எண்டுவம்.
முழங்கால் வைச்ச பிறகுதான் அது இருக்கும்.
அதுக்கு முதல் இல்லை."
ஒருவரும் எழுதவில்லை.
ஒருவரும் மறுக்கவுமில்லை.

இதழ் வவுனியாவுக்கு அச்சுக்குப் போனது.
அச்சகத்துப் பெடியன் போன் எடுத்தான்:
"அக்கா, பதினேழு இடத்தில எழுத்து விழேல்ல."
விழாது தம்பி. அப்படியே அடி.

முந்நூறு அடித்து நூற்றுநாற்பது போனது.
கொஞ்சம் கறையானுக்கு.
இரவல் போய் வந்த பிரதிகளில்
பென்சிலால் யார் யாரோ நிரப்பியிருந்தார்கள்:
வழி. விதி. ஆண்டவர். குளத்துத் துருசு.
வெறும் கேள்விக்குறிகள்.
முள்ளியவளையிலிருந்து திரும்பிய ஒன்றில்
ஒரு பிள்ளையின் பேர்,
பதினேழு இடத்திலும் அதே பேர்,
கடைசி நாலும் பேனையால்.

அதற்கு இலக்கம் போட்டு
அகராதிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.
இரவல் கொடுப்பதில்லை.

மூன்றாம் இதழுக்குக் காசு சேரவில்லை.
மிச்சத் தகரமும் வரவில்லை.
ஐப்பசி பிறந்துவிட்டது.
அலுமாரிகளை
நாலு பேருமாய்ப் பிடித்துத்
தகரம் உள்ள பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.